பதினான்கு புளியமுத்து

தாராவியில் உடம்பு தேறத் தேற மனசு வாடுகிறது என்று கணினித் திரை சொன்னது.

ஆதர்ஷ் திரையை மாரிசெல்வி பக்கமாகத் திருப்பி வைத்தான். அதில் சந்தோஷத்தின் அளவைக் காட்டும் இரண்டு கோடுகள் இருந்தன. ஐரோலிக்காரர்களின் நீலக் கோடு மாடிக்குப் போகிற படிக்கட்டைப் போல இரண்டு வாரத்துக்கு ஒரு படி ஏறியிருந்தது. தாராவிக்காரர்களின் சிவப்புக் கோடு முதல் ஒரு மாதம் தரையோடு தரையாகப் படுத்துக் கிடந்துவிட்டு, பிறகு மெல்லச் சரிந்து பள்ளத்தில் இறங்கியிருந்தது. மழைத் தண்ணீர் வாய்க்கால் தேடிப் போகிற மாதிரி இருக்கிறதே என்று மாரிசெல்விக்குத் தோன்றியது. இந்த நேரத்தில் இப்படியெல்லாம் தோன்றக் கூடாது என்றும் தோன்றியது.

“சுகர் இறங்கியிருக்கு. பிபி இறங்கியிருக்கு. இடுப்புச் சுத்தளவு இறங்கியிருக்கு. எல்லாம் ஃபஸ்ட் கிளாஸ்” என்றான் ஆதர்ஷ். “ஆனா சந்தோஷமும் கூடவே இறங்கியிருக்கு. யே கைஸே, எப்படி செல்வி? கம்பு சாப்பிட்டா ஜனங்க அழுவாங்களா?”

ஆதர்ஷ் மும்பையை ஒட்டிய கல்யாண் ஊரில் வளர்ந்தவன். தமிழ் பேசுவானே தவிர படிக்க வராது. மாரிசெல்வி நிரப்பிக் கொண்டுவரும் தாள்களில் எண்களை மட்டும் பொறுக்கிக் கணினியில் ஏற்றி, அவை என்ன சொல்கின்றன என்று பார்ப்பது அவன் வேலை. எண்கள் அவனிடம் இதுவரை இப்படி முரண்டு பிடித்ததில்லை.

செம்பூர் ஸ்டேஷனிலிருந்து ஐந்து நிமிட நடையில் இருந்த அந்த ஆராய்ச்சி மையம் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி எளிமையானதுதான். நல்ல சாப்பாடு உடம்பை மட்டும்தான் தேற்றுமா, மனசையும் தேற்றுமா? அதைக் கண்டுபிடிக்கத் தாராவியில் அறுபது பேரையும் ஐரோலியில் அறுபது பேரையும் சேர்த்திருந்தார்கள். குலுக்கிப் போட்டு, பாதிப் பேருக்கு வாரம் ஒரு பை கொடுத்தார்கள். கம்பு, கேழ்வரகு, பாசிப்பயறு, வேர்க்கடலை, இரண்டு கட்டு கீரை, அரை லிட்டர் செக்கெண்ணெய், எப்படிச் சமைப்பது என்று ஓர் அட்டை. மற்றப் பாதிப் பேருக்கு அதே விலைக்கு வழக்கமான அரிசியும் கோதுமையும் எண்ணெயும். திரையில் பார்த்த இரண்டு கோடுகளும் பை வாங்கியவர்களுடையவை. மொத்தம் பன்னிரண்டு வாரம். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை எடை பார்த்து, விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, ஐந்து கேள்விகள் கேட்க வேண்டும். போன பதினான்கு நாளில் எத்தனை நாள் நன்றாகத் தூங்கினீர்கள்? எத்தனை நாள் எழுந்ததும் தெம்பாக இருந்தது? எத்தனை நாள் மனம் லேசாக இருந்தது? இப்படி.

ஐரோலியில் எல்லோரும் ஐடி கம்பெனிக்காரர்கள். கேள்விகள் போனுக்குப் போகும். அவர்களே தட்டி அனுப்பிவிடுவார்கள். தாராவிக்கு மட்டும் ஆள் நேரில் போக வேண்டியிருந்தது. அங்கேயே பிறந்து, அங்கிருந்தே கல்லூரிக்குப் போய்வந்தவள் என்பதால்தான் மாரிசெல்விக்கு இந்த வேலை கிடைத்தது. கேள்வியை ஓர் எழுத்து மாறாமல் வாசித்து, அவர்கள் சொல்கிற எண்ணை அப்படியே எழுத வேண்டும். எட்டு வாரமாக அதைத்தான் அவள் செய்துகொண்டிருந்தாள்.

டாக்டர் வந்தனா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்தவர், இந்த ஆய்வுக்குத் தலைவர்.

“ஒண்ணு, இந்தச் சாப்பாடு நிஜமாவே அவாளைச் சோர்வாக்கறது. இல்லேன்னா, கேள்வி கேக்கறதுல எங்கேயோ தப்பு நடக்கறது. மூணாவதா ஒண்ணு இருக்கு. அதை நான் சொல்ல மாட்டேன், மாரிசெல்வி. ஆனா மேற்பார்வைக் குழு வரும்போது அவா கேக்கற முதல் கேள்வியே அதுதான்.”

அந்த மூன்றாவது என்னவென்று மாரிசெல்விக்குத் தெரியும். வீடு வீடாகப் போகாமல் எங்காவது டீக்கடையில் உட்கார்ந்து தானே எண்களை எழுதிக்கொள்வது. இந்தத் தொழிலில் அது நடக்காததல்ல.

“குழு எப்போ வருது மேடம்?”

“பன்னிரண்டு வாரம் முடிஞ்சப்பறம். அதுக்குள்ள காரணம் தெரியலேன்னா தாராவித் தாள் அத்தனையையும் ஒதுக்கி வெச்சுடுவா. உனக்கு அடுத்த வருஷத்துக்கும் வேலை குடுக்கச் சொல்லி நான் எழுதியிருக்கேனே, அதுவும் நிக்காது.”

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அவள் பையை மடியில் வைத்துக்கொண்டாள். உள்ளே இருநூற்றுச் சொச்சம் தாள்கள். எல்லாம் அவள் கையெழுத்து. மூன்று என்று இருப்பதை எட்டு ஆக்க இரண்டு வளைவு போதும் என்ற நினைப்பு தானாக வந்தது. வந்ததும் அவளுக்குக் கூசியது. அறுபது பேரின் பதினான்கு நாட்கள் அந்தத் தாள்களுக்குள் இருந்தன. அவளுடைய நாட்கள் அல்ல, எடுத்து வளைப்பதற்கு.

பத்தாவது வாரச் சுற்று வெள்ளிக்கிழமை தொடங்கியது. முதல் வீடு எப்போதும் பேராச்சியினுடையதுதான்.

நைன்ட்டி ஃபீட் ரோட்டிலிருந்து உள்ளே போகும் சந்தில், ஓர் ஆள் கைகளை விரித்தால் இரண்டு பக்கச் சுவரையும் தொட்டுவிடலாம். காலை பத்து மணிக்குப் பேராச்சியின் வேலை முடிந்திருக்கும். அவள் அவித்த இட்லிகளைக் கணவர் மாரிக்கண்ணன் சைக்கிளில் கட்டிக்கொண்டு சயான் பக்கம் போயிருப்பார். பேராச்சி வாசலில் உட்கார்ந்து மறுநாள் சாம்பாருக்குப் புளியைப் பிய்த்துக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். நாற்பத்தைந்து வயது. எட்டு வாரத்தில் நாலு கிலோ இறங்கியிருந்தாள். முதல் பை வந்தபோது அதை அவிழ்த்துப் பார்த்துவிட்டு அவள் சிரித்த சிரிப்பு இன்னும் சந்தில் நினைவிருக்கிறது. “கேப்பைக் களிக்குப் பயந்துதான் எங்கய்யா பம்பாய்க்கு ரயிலேறினாரு. அத நீங்க பைல போட்டு வீட்டுக்கே கொண்டாந்து தாரீங்க!”

“வா செல்வி. உக்காரு” என்று பலகையை நகர்த்திப் போட்டாள். “விடியக்காலையில வந்திருந்தன்னா என்னையப் பாத்திருக்க முடியாது. அலாரம் அடிச்சது தெரியாம தூங்கிட்டேன், கேளு. அவுகதான் தட்டி எழுப்புனாக.”

எதிர் வீட்டில் தையல் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. பானுமதி. அவளும் பை வாங்குகிறவள்தான். மேலே ஏணிப்படியில் ஒரு பெண் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். இரண்டு பேர் தண்ணீர்க் குடத்தோடு கடந்து போனார்கள்.

மாரிசெல்வி தாளை விரித்து, வழக்கம்போல எல்லோருக்கும் கேட்கும் தெளிவான குரலில் வாசித்தாள். “கடந்த பதினான்கு நாட்களில் எத்தனை நாட்கள் நன்றாகத் தூங்கினீர்கள்?”

பேராச்சியின் முகம் சட்டென்று சோர்ந்தது. ஓட்டு வீட்டில் பல்லி நகர்வதைப் பார்ப்பதுபோல மேலே பார்த்தாள். “தூக்கமா? அது எங்கன வருது. ஒரு மூணு நாள் போடு.”

“அத்தை, இப்பத்தான அலாரம் கேக்காம தூங்கினேன்னு சொன்னீங்க?”

“அது என்னமோ அசதி. நீ மூணு போடுட்டி.”

தெம்பு? இரண்டு. மனம் லேசாக இருந்தது? “அதெல்லாம் நம்மள மாதிரி ஆளுக்கு எதுக்கு. ஒண்ணு போடு. ஒண்ணு கூட இல்லன்னாலும் பரவால்ல.”

மாரிசெல்வி எழுதினாள். விதி அப்படி. எதிர் வீட்டுக்குப் போனாள். பானுமதி மிஷினை நிறுத்திவிட்டு, முழங்கால் வலி உயிர் போவதாகச் சொல்லி, எல்லாவற்றுக்கும் இரண்டு என்றாள். மூன்றாவது வீடு தோல் பட்டறையில் வேலை பார்க்கும் பூதத்தானுடையது. அவரும் பை வாங்குகிறவர். அவர் ஷிஃப்டு முடிந்து வந்து கைலியோடு உட்கார்ந்திருந்தார். “ஏதோ வண்டி ஓடுதும்மா. ஒண்ணு ரெண்டு நீயே பாத்துப் போட்டுக்க.”

“நானே போடக் கூடாது மாமா. நீங்கதான் சொல்லணும்.”

“அப்ப பூஜ்யம் போடு. வம்பே இல்ல.”

சந்தின் முனைக்கு வந்தபிறகுதான் ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியைப் பேராச்சி வீட்டிலேயே விட்டுவிட்டது அவளுக்கு நினைவு வந்தது. திரும்பி நடந்தாள். வாசல் திறந்திருந்தது. உள்ளே பேராச்சி அடுப்புப் பக்கம் திரும்பி நின்று, மூடிய கையைத் தன் தலையை மூன்று முறை சுற்றி, மூன்று முறை துப்பி, கையிலிருந்ததை எரியும் அடுப்பில் போட்டாள். உப்பு படபடவென்று வெடித்தது. காய்ந்த மிளகாய் கருகியது. பேராச்சி மூக்கை நீட்டி மோந்து பார்த்தாள்.

“நெடி வருதா பாருங்க” என்றாள், திரும்பாமலே. வந்தது கணவர் என்று நினைத்துவிட்டாள்.

“வரல அத்தை” என்றாள் மாரிசெல்வி.

பேராச்சி திடுக்கிட்டுத் திரும்பினாள். திருடும்போது பிடிபட்டவளைப் போல ஒரு நொடி நின்றாள். பிறகு, பிடிபட்டாயிற்று, இனி என்ன என்ற தைரியம் வந்துவிட்டது. “நெடி வரலேன்னா கண்ணு பட்டிருக்குன்னு அர்த்தம். பாத்தியா? எல்லாம் உன்னாலதான்.”

“நான் என்ன செஞ்சேன்?”

“நல்லாத் தூங்குனேன்னு வாய் தவறிச் சொல்லிட்டேன்லா. மாடியில நின்னா ஒருத்தி. தண்ணிக்குப் போனாளுவ ரெண்டு பேரு. எல்லாரு காதுலயும் விழுந்திருக்கும். மூணு நாளுன்னு சொல்லி அமுக்கப் பாத்தேன். நீ விட்டியா? ‘இப்பத்தான சொன்னீங்க’ன்னு ஊரைக் கூட்டுத!”

மாரிசெல்வி பலகையில் உட்கார்ந்துவிட்டாள். “அப்ப மூணு நாள் இல்லையா?”

பேராச்சி அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். எதிரே மிஷின் நின்றது. பானுமதி தன் வாசலில் இருந்தபடியே சொன்னாள். “அவ எங்க சொல்லப் போறா. மத்தியானம் குறட்டை விட்டாள்னா என் மிஷின் சத்தமே கேக்காது.”

“ஏய் மதினி, வாய மூடு. நீ மட்டும் என்ன சொன்ன? முழங்கால் வலி உயிர் போவுதாம்!” பேராச்சி மாரிசெல்வி பக்கம் குனிந்தாள். “ரெண்டு குடத்தையும் தூக்கிக்கிட்டு ஏணியில ஏறுதா, செல்வி. ஆட்டம் போடாத குறைதான். காலையில பாட்டு வேற. முன்னால எல்லாம் பிள்ளைங்கள வைவா, இப்ப பாடுதா. உன் பேப்பர்ல அதெல்லாம் எழுதியிருக்கியா?”

“ரெண்டுன்னு எழுதியிருக்கேன்.”

“ரெண்டாம்ல!”

பானுமதி சிரித்துக்கொண்டே கையிலிருந்த துணியால் முகத்தை மறைத்துக்கொண்டாள்.

“மொதத் தடவை ஏழு, எட்டுன்னு சொன்னீங்களே?” என்றாள் மாரிசெல்வி.

“அப்ப ஒளிக்க என்ன இருந்துச்சு?” என்றாள் பானுமதி. “சுமாரா இருந்தோம், சுமாரா இருக்கோம்னு சொன்னோம். இப்ப நீ வாசல்ல உக்காந்துக்கிட்டு, நாலு பேரு காது கேக்க, எத்தன நாள் சந்தோசமா இருந்தேன்னு எண்ணிக் கேக்க. எந்தப் பொம்பள சொல்லுவா? அதுவும் செவ்வாய் வெள்ளியாப் பாத்து வார.”

மாரிசெல்விக்குத் தன் தலையில் தானே குட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. அவள் அம்மாவும் அப்படித்தான். பரீட்சையில் எவ்வளவு மார்க் என்று பக்கத்து வீட்டில் கேட்டால் ‘ஏதோ பாஸு’ என்பாள். இவளுக்கு வேலை கிடைத்ததை மூன்று மாதம் யாருக்கும் சொல்லவில்லை. இதிலேயே வளர்ந்ததால் இது கண்ணில் படவே இல்லை. அந்தச் சிவப்புக் கோடு உண்மையில் கீழே இறங்கவில்லை. எல்லோரும் சேர்ந்து அதை முந்தானைக்குள் மறைத்து வைத்திருந்தார்கள்.

மறுநாள் அவள் சொல்லி முடித்ததும் ஆதர்ஷ் நாற்காலியில் சாய்ந்தான்.

“கண்ணு. ஈவில் ஐ. அதை நான் எந்தக் கட்டத்துல போடுறது? வயசு, எடை, சுகர், கண்ணு?”

“நான் சொல்றது சரியா இல்லையான்னு சோதிச்சுப் பாக்கலாமே. ஐரோலியில எல்லாரும் போன்ல தனியா, சத்தமில்லாம தட்டுறாங்க. தாராவியில வாசல்ல வச்சு வாயால சொல்றாங்க. வித்தியாசம் அங்கதான் இருக்கு.”

“இல்ல செல்வி, நான் உன்னை நம்புறேன். குழு நம்பணுமே. நம்பர் தப்பா வந்ததும் ஃபீல்டுக்குப் போன ஆளே ஒரு கதையோட வந்தா, நான் குழுவுல இருந்தா நம்ப மாட்டேன்.”

சொன்னதில் நியாயம் இருந்ததால் அவளுக்குக் கோபம் வரவில்லை.

வந்தனா தன் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். “எங்கம்மா தினம் பார்க்ல அஞ்சு சுத்து நடக்கறா” என்றார் கடைசியில். “எழுபத்திரண்டு வயசு. எனக்கே அவளோட ஈடுகுடுக்க முடியல. ஆனா போன்ல எப்படி இருக்கேன்னு கேட்டா ‘ஏதோ இருக்கேன்டி’ம்பா. இருபது வருஷமா அதைக் கேட்டுக் கேட்டு நான் பயந்துண்டிருக்கேன்.” சிரிக்கிறாரா, வேறேதாவதா என்று சொல்ல முடியாதபடி ஒரு முகம். “அவா போன்ல தட்ட முடியாதா, மாரிசெல்வி?”

“பாதிப் பேருக்குப் போன்ல படிக்க வராது மேடம். வீட்டுப் பிள்ளைங்ககிட்ட குடுத்துதான் கேப்பாங்க. அப்பவும் சொல்லத்தான் வேணும்.” அவள் முந்தின நாள் பேராச்சியின் முறத்தில் குவிந்து கிடந்ததை நினைத்தாள். “வாயைத் திறக்காம சொல்ல வைக்கலாம். பதினாலு புளியமுத்து, ஒரு மூடி போட்ட டப்பா. நல்லா இருந்த நாளுக்கு ஒரு கொட்டை, உள்ள போட்டு மூடிடணும். வீட்டுக்குள்ள, தனியா. நான் வெளியில நிப்பேன்.”

ஆதர்ஷ் நிமிர்ந்து உட்கார்ந்தான். எண்ணக்கூடிய எதையாவது சொன்னால் அவன் முகம் மலர்ந்துவிடும். “அறுபது பேரும் போடணும். பை வாங்குறவங்க மட்டுமில்ல, ரெண்டு குரூப்பும். அன்னைக்கே பழைய கேள்வியும் பழையபடி வாயால கேக்கணும், அதை நிறுத்தக் கூடாது. டப்பாவுல பேர் கிடையாது, நம்பர்தான். எந்த நம்பர் யாருன்னு மேடம் கையில சீல் வெச்ச கவர்ல. மூடினப்புறம் நீ தொடக் கூடாது, செல்வி. நானே வந்து டேப் ஒட்டி எடுத்துக்கிறேன்.”

“ஒட்டிக்க” என்றாள் மாரிசெல்வி. அவனைக் கட்டிக்கொள்ளலாம்போல இருந்தது. யாரும் அவளை நம்பத் தேவையில்லாத ஒரு வழி கிடைத்துவிட்டது. அதைவிட நிம்மதி வேறென்ன?

இந்த மாற்றத்துக்கு மையத்தின் நெறிமுறைக் குழுவின் அனுமதிக் கடிதம் வர ஒன்பது நாள் ஆயிற்று. அறுபது எவர்சில்வர் டப்பாக்கள் வாங்க ஒரு மணி நேரம்தான் ஆயிற்று. எண்ணூற்று நாற்பது கொட்டைகளையும் பேராச்சியே கழுவிக் காயவைத்துக் கொடுத்தாள். எதற்கு என்று கேட்டுத் தெரிந்துகொண்டபிறகு இன்னும் ஒரு முறை கழுவினாள்.

பன்னிரண்டாவது வாரம் வந்தது. இந்த முறை புதன்கிழமை தொடங்கினார்கள்.

பேராச்சி முதலில் வாசலில் உட்கார்ந்து, கேள்விகளுக்கு மூன்று, இரண்டு, ஒன்று என்று உரக்கச் சொன்னாள். பிறகு டப்பாவையும் பதினான்கு கொட்டைகளையும் வாங்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். மாரிசெல்வியும் ஆதர்ஷும் வெளியே நின்றார்கள்.

டொக்.

கொட்டை எவர்சில்வரில் விழும் சத்தம் கதவுக்கு வெளியே துல்லியமாகக் கேட்டது. டொக். டொக். மாரிசெல்வி அவசரமாக இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். எண்ணக் கூடாதே! ஆதர்ஷும் பொத்திக்கொண்டான். சந்தில் போன இஜாஸ் என்ற பழக்காரர் தள்ளுவண்டியை நிறுத்திவிட்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “க்யா ஹுவா, என்ன ஆச்சு? பட்டாசு வைக்கிறாங்களா உள்ள?”

இரண்டாவது வீட்டிலிருந்து டப்பாவின் அடியில் பானுமதி கொடுத்த துண்டுத் துணியை விரித்துக் கொடுத்தார்கள். அதன்பிறகு சத்தம் வரவில்லை.

பூதத்தான் டப்பாவைத் திருப்பிப் பார்த்தார். “ஓட்டுப் பெட்டி மாதிரியா?”

“அதே மாதிரிதான் மாமா. யாருக்கும் தெரியாது.”

“ஜெயிச்சா என்ன செய்வீங்க?”

“ஒண்ணும் செய்ய மாட்டோம்.”

“அப்ப இதுவும் எலெக்‌ஷன்தான்” என்று உள்ளே போனவர் கால் மணி நேரம் வெளியே வரவில்லை. ஆதர்ஷ் கடிகாரத்தைப் பார்த்தான். அத்தனை நாளையும் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்க்கிறாராக இருக்கும் என்று மாரிசெல்வி நினைத்துக்கொண்டாள். போன செவ்வாய், அதற்கு முந்தின திங்கள். ஒரு மனிதன் கதவைச் சாத்திக்கொண்டு, தன் நாட்களைக் கையில் எடுத்துப் பார்த்து, இது நல்லது, இது இல்லை என்று பிரித்துப்போடுகிறான். அவர் வாழ்க்கையில் இதற்கு முன் இப்படி ஒரு கால் மணி நேரம் கிடைத்திருக்குமா? வெளியே வந்தபோது அவர் முகத்தில் எதுவும் இல்லை. டப்பாவை ஆதர்ஷ் கையில் கொடுத்து, “டேப்பை நல்லா ஒட்டுய்யா” என்றார்.

சனிக்கிழமை காலை செம்பூர் அலுவலகத்தின் நீள மேசையில் அறுபது டப்பாக்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. ஆதர்ஷ் ஒவ்வொன்றாக டேப்பைப் பிரித்துக் கொட்டி எண்ணினான். வந்தனா எழுதினார். மாரிசெல்வி எதையும் தொடாமல், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு சுவரோரம் நின்றாள். எட்டு. பதினொன்று. ஏழு. பத்து. அவளுக்கு எந்த டப்பா யாருடையது என்று தெரியாது. எண்கள் மட்டும் வந்துகொண்டிருந்தன. அவள் மூச்சு அவற்றோடு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

முப்பத்தெட்டாவது டப்பாவைக் கொட்டிவிட்டு ஆதர்ஷ் மறுபடி எண்ணினான். மூன்றாவது முறையும் எண்ணினான்.

“பதினேழு.”

“பதினாலுதானே குடுத்தோம்?” என்றார் வந்தனா.

“ஆமா. பதினேழு இருக்கு. ரெண்டு வாரத்துல பதினேழு நாள் எப்படி மேடம் வரும்?”

மாரிசெல்விக்குச் சிரிப்பு பொங்கிக்கொண்டு வந்தது. அடக்க முடியவில்லை. “பதினாலும் போட்டுட்டு, பத்தலேன்னு வீட்டுல இருந்து எடுத்துப் போட்டிருக்காங்க.”

வந்தனா பேனாவைக் கீழே வைத்தார். அவரும் சிரித்துவிட்டார். ஆதர்ஷ் மட்டும் அந்தப் பதினேழு கொட்டைகளையும் மேசையில் வட்டமாக அடுக்கிவைத்து, அவமானப்பட்டவனைப் போலப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“சேக்க முடியாது” என்றான். “ரூல்னா ரூல்.”

“சேக்க வேண்டாம். செல்லாதுன்னு எழுதிக்கோ” என்றார் வந்தனா. அவர் எழுதியபோது கையெழுத்து மட்டும் கொஞ்சம் பெரிதாக விழுந்தது.

பிற்பகலில் உறையைப் பிரித்து, எந்த எண் எந்தக் குழு என்று கணினியில் ஏற்றினார்கள். பை வாங்காதவர்களின் டப்பாவில் சராசரி ஏழரை. வாயால் சொன்னதும் ஏறக்குறைய அதேதான். பை வாங்கியவர்களின் டப்பாவில், செல்லாததை விட்டுவிட்டு, ஒன்பதரை. அவர்கள் அதே நாளில் வாயால் சொன்னது மூன்று.

ஆதர்ஷ் மறுபடி கூட்டிப் பார்த்தான். பிறகு ஐரோலியின் எண்களையும் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தான். அங்கேயும் இரண்டு குழுவுக்கும் நடுவே இரண்டு நாளுக்குச் சற்றுக் குறைவான வித்தியாசம். “ரெண்டு இடமும் ஒண்ணு சொல்லுது” என்றான். “சரி. கண்ணுக்கு ஒரு கட்டம் போடுறேன்.”

மேற்பார்வைக் குழு அடுத்த வாரம் வந்தது. மூன்று பேர். கூர்மையான கேள்விகள் கேட்டார்கள். டப்பாக்களை எடுத்துப் பார்த்தார்கள், டேப்பையும் சீல் வைத்த உறையையும் பார்த்தார்கள். யார் மூடினார்கள், யார் எண்ணினார்கள் என்று இரண்டு முறை கேட்டார்கள். வாயால் வாங்கிய பதில்களை மனநலத்துக்கான அளவாகக் கொள்ள முடியாது என்று முடிவு எழுதினார்கள். டப்பா ஒரு முறைதான் எண்ணப்பட்டது என்பதால் அதை உறுதியான சான்றாகச் சொல்லக் கூடாது, அடுத்த ஆய்வில் முதல் நாளிலிருந்தே செய்து பார்க்க வேண்டும் என்றும் எழுதினார்கள். களப்பணியாளர் பதிவு செய்த தாள்கள் நேர்மையானவை, அப்படியே பாதுகாக்கப்பட வேண்டும் என்று கடைசியில் ஒரு வரி இருந்தது. அந்த வரியை மாரிசெல்வி நான்கு முறை படித்தாள்.

“அடுத்த ஆய்வு பாண்டுப்ல” என்றார் வந்தனா. “நூத்தி இருபது பேர். ஆளுக்கு ஒரு டப்பா. புதுசா நாலு பேர் வேலைக்கு வரா, நீதான் அவாளுக்குச் சொல்லிக் குடுக்கணும். ரெண்டு வருஷத்துக்கு எழுதியிருக்கேன். படிச்சுட்டுக் கையெழுத்துப் போடு.”

அன்று மாலை பஸ்ஸில் அவள் அந்த இரண்டு நாளைப் பற்றி நினைத்துக்கொண்டு போனாள். ஆதர்ஷ் அதைச் சின்ன வித்தியாசம் என்கிறான். பதினான்குக்கு இரண்டு. வருஷத்துக்கு ஐம்பத்திரண்டு. கம்பும் கீரையும் ஒரு கைப்பிடிக் கடலையும் சேர்ந்து ஒரு மனிதருக்கு ஐம்பத்திரண்டு நல்ல காலைகளைக் கொண்டுவந்து வைக்கின்றன. அந்தக் காலைகள் சந்துக்குள் எந்த வீட்டுக்குள் எப்படி நுழைகின்றன என்று அவள் யோசித்தாள். தண்ணீர் வருகிற நேரத்தில், மிஷின் ஓடத் தொடங்குகிற நேரத்தில், பட்டறைக்குக் கிளம்புகிற நேரத்தில். சயான் சிக்னலில் பஸ் நின்றிருந்த அவ்வளவு நேரமும் யோசித்தாள். இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிவிட்டாள்.

திரும்பி நடந்து சந்துக்குள் நுழைந்தபோது வெயில் தணிந்திருந்தது. கையில் தாள் இல்லாமல், எடை மிஷின் இல்லாமல் வருவது என்னவோபோல் இருந்தது. பூதத்தான் வாசலில் உட்கார்ந்து முளைகட்டிய பயறை ஒவ்வொன்றாக வாயில் போட்டுக்கொண்டிருந்தார். பானுமதி மிஷினில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். மேல் வீட்டுப் பெண் ஏணியில் இறங்கி வந்தாள். யாருடைய பதினேழு? மாரிசெல்வி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். எல்லா முகங்களும் சாதாரணமாகத்தான் இருந்தன. கேட்கக் கூடாது, கேட்டாலும் சொல்ல மாட்டார்கள். இவர்களில் யாருடையதாகவும் இருக்கலாம் என்பதே போதுமானதாக இருந்தது.

பேராச்சி அடுப்பில் கம்பு அடை வார்த்துக்கொண்டிருந்தாள். பை நின்று பத்து நாள் ஆகிவிட்டது. கம்பை அவளே கடையில் வாங்கியிருந்தாள்.

“என்னட்டி, வேலை இருக்கா, போயிருச்சா?” என்று உள்ளேயிருந்தே சத்தமாகக் கேட்டாள்.

தையல் மிஷின் நின்றது. பூதத்தான் மெல்லுவதை நிறுத்தினார்.

மாரிசெல்வி பதில் சொல்ல வாயைத் திறந்தாள். சந்து முழுக்க அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், அடுப்புக்குப் பக்கத்தில் குனிந்து, பேராச்சியின் காதில் சொன்னாள்.

பேராச்சி தலையை மட்டும் ஆட்டினாள். தட்டில் ஓர் அடையைப் போட்டாள். யோசித்துப் பார்த்துவிட்டு, அதன்மேல் இன்னொன்றைப் போட்டு மூடினாள்.